எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவில்: ஜெய்ப்பூர் இலக்கிய விழாவைக் கேமராவின் பின்னால் நின்று பார்ப்பது

அடுத்த ஜெய்ப்பூர் இலக்கிய விழாவில் தன்னார்வலராகப் படமெடுக்க அழைக்கப்பட்டிருக்கும் இளைஞர் ஒருவர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். கேமராவைத் தூக்கிக்கொண்டு ஐந்து நாள் ஓடினால் ஒரு பேச்சையாவது முழுதாகக் கேட்க முடியுமா? மேடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கும் மனிதர்களை வைத்து நல்ல படம் என்ன எடுத்துவிட முடியும்? எழுத்தாளர்களிடம் தனியாகப் படம் எடுக்க அனுமதி கேட்கலாமா? இலக்கியம் படிப்பவர் என்பதால் முதல் கேள்விதான் அவரை அதிகம் உறுத்துகிறது என்று தெரிகிறது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எந்த ஒரு பேச்சையும் நீங்கள் முழுதாகக் கேட்கப்போவதில்லை. வாக்கியத்தின் எழுவாய் காதில் விழும். லென்ஸை மாற்றிக்கொண்டு நிமிர்வதற்குள் பயனிலை போய்விட்டிருக்கும். ஒரு வாதத்தின் தொடக்கம் ஓர் அரங்கில், அதற்குச் சற்றும் தொடர்பில்லாத வேறொரு வாதத்தின் முடிவு அடுத்த அரங்கில் என்றே நாள் கழியும். ஆனால் இதனால் விழாவை அனுபவிக்க முடியாது என்று நான் சொல்லமாட்டேன். 2013 தொடங்கிப் பல ஆண்டுகள் அந்த விழாவுக்குக் கேமராவோடு சென்றிருக்கிறேன். ஒரே ஓர் ஆண்டு கேமராவை வீட்டில் வைத்துவிட்டு வெறும் பார்வையாளனாகச் சென்றேன். அந்த ஆண்டு ஒரு நோட்டுப் புத்தகம் நிறையக் குறிப்புகளோடு ஊர் திரும்பினேன், அவற்றில் பாதி இன்று எனக்கே விளங்கவில்லை. கேமராவோடு போன ஆண்டுகளிலிருந்து எனக்கு மிஞ்சியிருப்பவை பேச்சுக்கு நடுவே விழுந்த மௌனங்கள். யார் எந்தக் கேள்விக்கு முன் எவ்வளவு நேரம் தயங்கினார், அப்போது அவருடைய கை எங்கே இருந்தது என்பதெல்லாம் இன்னும் நினைவில் இருக்கிறது. அமர்வுகளின் காணொளிகளை விழாக் குழுவினரே பிறகு இணையத்தில் ஏற்றுகிறார்கள் என்பதால், தவறவிட்ட வாதத்தை வீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளலாம். மௌனத்தை அப்படிப் பின்னால் வாங்கிக்கொள்ள முடியாது. காணொளியில் அந்த இடத்தில் பெரும்பாலும் பார்வையாளர் கூட்டத்தைக் காட்டியிருப்பார்கள்.

விழாவின் அளவைப் பற்றி ஒரு சொல். 2006இல் ஒரு பாரம்பரியக் கலை விழாவின் சிறு அங்கமாக, சொற்பக் கூட்டத்தோடு தொடங்கியது இது. எழுத்தாளர்கள் நமிதா கோகலேயும் வில்லியம் டால்ரிம்பிளும் அதன் இயக்குநர்களாக இருக்க, டீம்வொர்க் ஆர்ட்ஸ் நிறுவனம் நடத்திவருகிறது. 2020 வரை டிக்கி அரண்மனை என்ற பழைய மாளிகையின் வளாகத்தில் நடந்தது. 2021இல் பெருந்தொற்றினால் இணையவழியாக மட்டும். 2022 மார்ச்சில் கிளார்க்ஸ் ஆமேர் என்ற விடுதிக்கு இடம் பெயர்ந்தது. ஒரே நேரத்தில் ஐந்தாறு அரங்குகளில் அமர்வுகள் நடக்கும். ஒவ்வோர் அமர்வும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம், அதில் கடைசிப் பத்து பதினைந்து நிமிடங்கள் பார்வையாளர் கேள்விகளுக்கு. இந்தக் கணக்கின் பொருள், நீங்கள் எங்கே நின்றாலும் வேறு நான்கைந்து இடங்களில் இல்லாமல் இருக்கிறீர்கள் என்பதுதான்.

இதை நான் 2015இல் வலிக்க வலிக்கக் கற்றுக்கொண்டேன். வி. எஸ். நைபாலின் புகழ்பெற்ற நாவல் ஒன்றைப் பற்றி அன்று ஓர் அமர்வு. பேசியவர்களில் அமெரிக்க எழுத்தாளர் பால் தெரூவும் ஒருவர். ஒரு காலத்தில் நைபாலின் நெருங்கிய நண்பராக இருந்து, பிறகு ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் அவரோடு பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்து, 2011இல் வேல்ஸில் நடக்கும் ஹே இலக்கிய விழாவில் கைகுலுக்கிச் சமாதானமானவர் தெரூ. அமர்வின் முடிவில், சக்கர நாற்காலியில் வந்திருந்த நைபால் மேடைக்கு அழைத்துவரப்பட்டார். தன் நாவலைப் பற்றிப் பேசியதற்கு நன்றி சொல்ல முயன்று, சொல்ல முடியாமல் அழுதார். யாருக்கும் எளிதில் வளைந்து கொடுக்காதவர், கடுஞ்சொல்லுக்குப் பெயர் பெற்றவர் என்று உலகமே அறிந்த மனிதர். அந்த நேரத்தில் நான் வேறொரு கூடாரத்தில், பாதி நாற்காலிகள் காலியாக இருந்த ஓர் அமர்வில், கவிஞர் ஒருவர் தண்ணீர் குடிப்பதைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது மற்ற புகைப்படக்காரர்களின் முகத்தைப் பார்த்தே ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். அன்றிரவு மிகவும் மனம் நொந்தேன் என்பது உண்மை. ஆனால் அந்தக் கவிஞரின் படம் இன்றும் என்னிடம் இருக்கிறது, அது மோசமான படமும் இல்லை. இரண்டு அரங்குகளுக்கு நடுவில் ஓடிக்கொண்டே இருப்பவருக்கு இரண்டில் எதுவும் கிடைப்பதில்லை என்பதால், ஒரு நாளைக்கு மூன்று அமர்வுகளையாவது தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே இடத்தில் நின்று எடுங்கள். மற்றவற்றுக்குப் பத்துப் பத்து நிமிடங்கள் போதும்.

முதல் ஆண்டில் நான் செய்த பிழை வேறு வகையானது. 2013 விழாவின் தொடக்க உரையை வங்க எழுத்தாளர் மகாஸ்வேதா தேவி ஆற்றினார். அப்போது அவருக்கு 87 வயது; கனவு காணும் உரிமையே மனிதனின் முதல் அடிப்படை உரிமையாக இருக்கவேண்டும் என்று சொன்ன உரை அது. அதே நாளில் தலாய் லாமாவும் வந்திருந்தார். கூட்டம் எங்கே நெருக்கியதோ அங்கே நானும் நெருக்கிக்கொண்டு போய், மேடைக்கு நேர் கீழே முழங்காலிட்டு, இரண்டு பக்கமும் பத்திரிகைக்காரர்களின் முழங்கைகள் இடிக்க, நானூறுக்கு மேற்பட்ட படங்கள் எடுத்தேன். அறைக்குத் திரும்பிப் பார்த்தால், அவற்றில் ஒன்றுகூட என் இடப்பக்கத்தில் இருந்தவரோ வலப்பக்கத்தில் இருந்தவரோ எடுத்திராத படம் இல்லை. கோணமும் ஒன்றே. மேடை மூன்றடி உயரம் என்றால், அதன் அடியிலிருந்து எடுக்கும் எந்த முகத்திலும் முதலில் தெரிவது மோவாயும் மூக்குத் துவாரங்களும்தான். போதாததற்கு, மேடைகளில் சோபா போட்டு எழுத்தாளர்களைப் புதைய வைத்துவிடுகிறார்கள். கீழே இருந்து பார்த்தால் முழங்கால்கள் இரண்டு பெரிதாகவும் அவற்றின் பின்னால் ஒரு தலை சிறிதாகவும் இருக்கும். பத்தாவது வரிசைக்குப் பக்கத்தில், ஓரத்தில், நின்றபடி, தொலைவில் இருப்பதை நெருக்கிக் காட்டும் 70–200 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்தால் கண்கள் நேர்மட்டத்துக்கு வரும். பக்கத்தில் முழங்கைகளும் இருக்காது.

அடுத்தது வெளிச்சம். இதைப் பற்றி நான் சற்று நீளமாகவே பேசுவேன், ஏனென்றால் ஜெய்ப்பூரின் தனித்தன்மையே அதில்தான் இருக்கிறது. விழா பெரும்பாலும் நடக்கும் ஜனவரி கடைசியில் அந்த ஊரில் நண்பகலிலும் சூரியன் 45 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. சென்னையில் அதே நாளில் 58 பாகை அளவுக்கு ஏறிவிடும். உச்சி வெயிலில் கண்குழிகள் கறுத்துப்போகும் தொல்லையை அறிந்த நமக்கு, அந்தச் சாய்ந்த குளிர்கால வெயில் ஒரு வரம் போன்றது. திறந்த புல்வெளியில் காலை பத்து மணிக்கு எடுக்கும் முகங்கள் தாமாகவே நன்றாக வரும். ஆனால் பெரும்பாலான அரங்குகளுக்கு மேல் ஷாமியானா கட்டியிருப்பார்கள். ராஜஸ்தானத்துத் துணி வெறும் துணியாக இருக்குமா? ரோஜா, செம்மஞ்சள், கிளிப்பச்சை என்று சாயமேறிய துணிகள். வெயில் அவற்றின் வழியாக வடிந்து கீழே இறங்கும்போது மேடையில் இருப்பவர் அனைவரும் அந்தச் சாயத்தில் தோய்ந்துவிடுவார்கள். நரைத்த தலை இளஞ்சிவப்பாகும். வெள்ளைக் குர்தா ஆரஞ்சாகும். இதற்குமேல் மேடை விளக்குகள் முன்பக்கத்திலிருந்து வேறொரு நிறத்தில் அடிக்கும், பின்னால் இருக்கும் எல்இடி திரை நீலத்தைக் கக்கும், இரண்டு துணிகளின் இணைப்பில் இருக்கும் இடுக்கு வழியாகச் சுத்தமான வெயில் ஒரு கீற்றாக வந்து யாராவது ஒருவரின் தோளில் உட்கார்ந்திருக்கும். வெளிச்சத்தின் நிறச்சாயலைச் சமன்செய்யும் கேமராவின் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் இந்த நான்கையும் ஒரே நேரத்தில் சமாளிக்கத் தெரியாமல் ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு முடிவெடுக்கும்.

வழி இருக்கிறது. அமர்வு தொடங்குவதற்கு முன்னால் மேடையில் ஏறி, பேச்சாளர் உட்காரப்போகும் இடத்தில் ஒரு சாம்பல் நிற அட்டையை வைத்து ஒயிட் பேலன்ஸை அளந்துகொள்ளுங்கள். வெயில் நகர நகர அளவும் மாறும் என்பதால் மதியத்துக்குப் பிறகு மறுபடியும் அளக்கவேண்டும். எல்லாவற்றையும் ரா கோப்பாக, அதாவது நிறத்தைப் பின்னால் திருத்த இடம்தரும் மூல வடிவில் எடுங்கள். இவ்வளவும் செய்த பிறகு, நிறத்தை முழுதும் கழுவிவிடாதீர்கள் என்றும் சொல்வேன். முதல் இரண்டு ஆண்டுகள் நான் கணினியில் உட்கார்ந்து எல்லா முகங்களையும் அலுவலகக் குழல்விளக்கின் கீழ் எடுத்தவை போல வெளுத்துவைத்தேன். தொழில்முறையில் சரியான படங்கள், ஆனால் எந்த ஊரில் எடுத்தவை என்று சொல்ல முடியாது. அந்த மனிதர்கள் உண்மையிலேயே ரோஜா வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் பேசினார்கள். தோலின் நிறம் நோயாளியினுடையது போலத் தெரியாத அளவுக்குத் திருத்திவிட்டு, மீதியை விட்டுவிடலாம். ஜனவரி 14ஆம் தேதி மகர சங்கராந்திக்கு ஜெய்ப்பூர் முழுவதும் பட்டம் விடுவார்கள். விழா நடக்கும் நாட்களிலும் கிழிந்த பட்டங்கள் மரக்கிளைகளில் சிக்கியிருப்பதைப் பார்க்கலாம். மேடையின் ஓரத்தில் அப்படி ஒன்று சட்டகத்துக்குள் வந்துவிட்டால் நான் வெட்டி எறிவதில்லை.

பிளாஷ் வேண்டவே வேண்டாம். அது எல்லோருக்கும் தெரிந்ததே. சத்தத்தைப் பற்றித்தான் பலர் யோசிப்பதில்லை. 2013இல் என்னிடம் இருந்தது கண்ணாடி எழுந்து விழும் பழைய வகைக் கேமரா. கவிதை வாசிப்பின் நடுவில் அது ஒரு முறை 'களக்' என்றதும் முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அந்தக் கண்ணாடியே இல்லாத இப்போதைய மிரர்லெஸ் கேமராக்களில் ஓசையே இல்லாத மின்னணு ஷட்டர் உண்டு. ஆனால் அதில் ஒரு வினை இருக்கிறது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. மலிவான எல்இடி விளக்குகள் அதனால் நொடிக்கு 100 முறை கூடிக் குறைந்து துடிக்கும். கண்ணுக்கு அது தெரியாது. மின்னணு ஷட்டரோ படத்தை ஒரே நேரத்தில் பதியாமல் மேலிருந்து கீழாக வரிவரியாகப் பதிகிறது. ஆகவே துடிப்பின் ஒவ்வொரு நிலையும் ஒவ்வொரு பட்டையாக முகத்தின் குறுக்கே விழும். ஷட்டரின் வேகத்தை 1/100 அல்லது 1/50க்குக் கொண்டுவந்தால் பட்டை பெரும்பாலும் மறையும்; ஆனால் வீசிப் பேசும் கை கலங்கலாகிவிடும். கையை உறையவைக்க 1/250 வேண்டும் என்றால் இயந்திர ஷட்டருக்கு மாறி, கைதட்டலும் சிரிப்பும் எழும் நேரத்துக்குக் காத்திருந்து அழுத்துங்கள். திறந்தவெளி அரங்குகளில் பகலில் இந்தத் தொல்லை இல்லை.

இனி உங்களுடைய இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பேசும் முகம் பெரும்பாலும் அழகாக இருப்பதில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ளவேண்டும். நாம் பேசுபவரை நேரில் பார்க்கும்போது ஒலியும் அசைவும் சேர்ந்து முகத்தைக் காப்பாற்றிவிடுகின்றன. நொடியில் நூறில் ஒரு பங்கை வெட்டியெடுத்தால் அந்தத் துணை இரண்டும் போய்விடும். வாய் ஆவென்று திறந்திருக்கும், ஒரு கண் பாதி மூடியிருக்கும், உலகம் மதிக்கும் நாவலாசிரியர் தும்மப்போகிறவரைப் போலத் தெரிவார். இதழ் இயைந்து பிறக்கும் எழுத்துகள் என்று இலக்கணம் சொல்லும் பகர மகரங்களில் உதடுகள் ஒரு கணம் சேர்ந்து ஓய்கின்றன. எந்த மொழியில் பேசினாலும் இது பொருந்தும். கொஞ்ச நாள் பழகினால் அந்த ஒலிகள் வரும் இடத்தில் விரல் தானாகவே இறங்கும். கையில் பிடிக்கும் மைக்கைக் கொடுத்திருந்தால் பேச்சாளர் அதை எந்தக் கையில் பிடிக்கிறார் என்பதை முதல் நிமிடத்திலேயே பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுங்கள். வலக்கையில் மைக்கைப் பிடித்திருப்பவரை அவருடைய வலப்பக்கத்தில் நின்று எடுத்தால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு கறுப்பு உருண்டையும் இரண்டு கண்களும்தான்.

ஆனால் இதெல்லாம் கெட்ட படத்தைத் தவிர்க்கும் வழிகள். நல்ல படம் வேறு இடத்திலிருந்து வருகிறது. எழுதுவது கண்ணுக்குத் தெரியாத வேலை. தச்சரை எடுத்தால் உளி இருக்கிறது, நடனக் கலைஞரை எடுத்தால் உடலே இருக்கிறது. எழுத்தாளரை என்ன செய்யும்போது எடுப்பது? மேசையில் பேனாவோடு உட்காரவைத்து எடுக்கும் படங்கள் எல்லாம் வேடம் என்பது பார்த்தவுடனேயே தெரிந்துவிடும். மேடையில் மட்டும் ஒரு கணம் வாய்க்கும். நெறியாளர் ஒரு கேள்வி கேட்கிறார். வழக்கமான பதில் எழுத்தாளரின் நாவில் தயாராக இருக்கிறது, நூறு மேடைகளில் சொன்ன பதில். அதைத் தொடங்கிவிட்டு, பாதியில் நிறுத்தி, வேறு ஒரு சொல்லைத் தேடுகிறார். கண்கள் எதையும் பார்க்காமல் சற்று மேலே போகின்றன. விரல்கள் காற்றில் எதையோ தொட்டுப் பார்க்கின்றன. இரண்டு நொடிகள், சில வேளை மூன்று. வீட்டில் தனியாக அவர் எழுதும்போது நடப்பது இதுவாகத்தான் இருக்கவேண்டும் என்று நான் நம்புகிறேன். அது ஆயிரம் பேருக்கு நடுவில் ஒரு கணம் வெளியே தெரிந்துவிடுகிறது. அந்த இரண்டு நொடிகளுக்காகத்தான் நான் ஆண்டுதோறும் ரயில் ஏறினேன்.

அந்தக் கணத்தைப் பிடிப்பதற்குக் காது வேண்டும். கண்ணை மட்டும் நம்பினால் அது முடிந்த பிறகுதான் தெரியும். பேச்சின் தாளம் மாறுவது, பழகிய வாக்கியம் இடறுவது, "இல்லை, அப்படிச் சொல்லக்கூடாது" என்பது போன்ற ஒரு திருத்தம் வருவது எல்லாம் காதில்தான் முதலில் விழும். ஆகவே பேச்சைக் கேட்கமாட்டீர்கள் என்று தொடக்கத்தில் சொன்னதைச் சற்றுத் திருத்திக்கொள்கிறேன்: கருத்துக்காகக் கேட்கமாட்டீர்கள், ஆனால் கச்சேரியில் பக்கவாத்தியக்காரர் பாடகரைக் கேட்பதைப் போலக் கேட்பீர்கள். எனக்குத் தெரியாத மொழிகளில் நடந்த அமர்வுகளிலும் இது வேலை செய்தது. ராஜஸ்தானி மொழியில் ஒரு வார்த்தையும் அறியாத நான், ஒரு வாசிப்பின்போது அடுத்த வரியில் எல்லோரும் சிரிக்கப்போகிறார்கள் என்பதை வாசித்தவரின் குரல் தாழ்ந்த விதத்திலேயே உணர்ந்து, கேமராவைப் பார்வையாளர்கள் பக்கம் திருப்பியிருக்கிறேன். நகைச்சுவை சொல்பவரின் முகத்தைச் சொல்லும்போது எடுக்காதீர்கள். சிரிப்பு எழுந்தபின் அதைக் கேட்கும் அவருடைய முகத்தை எடுங்கள். பெரும்பாலான எழுத்தாளர்கள் தனிமையில் வேலை செய்பவர்கள். தாங்கள் எழுதிய வரி ஒன்று ஒரே நேரத்தில் ஐந்நூறு பேரைச் சென்றடைவதைக் கண்ணெதிரே பார்க்கும்போது அவர்களுடைய முகத்தில் வரும் திகைப்பு, விருது வாங்கும்போதுகூட வருவதில்லை.

பேசாமல் இருப்பவரையும் பாருங்கள். மேடையில் நான்கு பேர் இருந்தால் மூன்று பேர் எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அல்லது கேட்பது போல உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு படத்தில் ஈவிரக்கமில்லாமல் தெரியும். எதிரே மண்குவளையில் தேநீர் குடித்தபடி, தோளில் சால்வையோடு, தரையில் உட்கார்ந்திருக்கும் பள்ளி மாணவிகளைப் பாருங்கள். கூடாரத்துக்கு வெளியே நின்று கழுத்தை நீட்டிக் கேட்கும் பாதுகாவலரைப் பாருங்கள்.

எடுக்கக்கூடாத படங்களும் உண்டு. தூங்குபவர்களை நான் எடுப்பதில்லை. ஐந்து நாள் விழாவில் மதிய உணவுக்குப் பின் கண்ணயர்வது யாருக்கும் உரியது. கேள்வி கேட்க எழுந்து நின்று, குரல் நடுங்கித் தன் சொந்தத் துயரத்தைச் சொல்லிவிடும் பார்வையாளர் மேடைக்கு வந்தவர் அல்லர். அவர் முகத்தை நெருக்கத்தில் எடுத்து உலகுக்கு அனுப்புவது முறையாகாது. மேடைக்குப் பின்னால் எழுத்தாளர்கள் ஓய்வெடுக்கும் அறையில் கேமராவைத் தோளில் முதுகுப்புறமாகத் திருப்பிப் போட்டுக்கொள்வேன். நைபாலின் கண்ணீர் இந்த விதிக்குள் வருமா என்று நண்பர்கள் கேட்டதுண்டு. அவர் தன் வாசகர்கள் முன்னால், மேடையில், மறைக்க முயலாமல் அழுதார். நான் அங்கே இருந்திருந்தால் எடுத்திருப்பேன், ஆனால் ஒரே ஒரு படத்தோடு கேமராவைக் கீழே இறக்கியிருப்பேன் என்றுதான் பதில் சொல்லிவருகிறேன். அது உண்மையா என்பது அங்கே இருந்திருந்தால்தான் தெரிந்திருக்கும்.

நிகழாத ஒன்றைப் படமெடுக்கவேண்டிய நாளும் வரலாம். நான் செல்லத் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு, 2012இல், நாவலாசிரியர் சல்மான் ருஷ்தி மிரட்டல்களின் காரணமாக ஜெய்ப்பூருக்கு வரவில்லை. கடைசி நாளான ஜனவரி 24 அன்று காணொளி வழியாக அவர் பேசுவதாக இருந்ததும், எதிர்ப்பாளர்கள் வளாகத்துக்குள்ளேயே வந்துவிட்ட நிலையில், கடைசி நேரத்தில் கைவிடப்பட்டது. விழா நடந்த டிக்கி அரண்மனையின் உரிமையாளரே மேடையேறி அதை அறிவித்தார். அன்று அங்கிருந்த புகைப்படக்காரர்களை நினைத்துப் பார்க்கிறேன். எடுக்க வந்த முகம் இல்லை. இருந்தவை அறிவிப்பைப் படிக்கும் ஒரு மனிதரும், காத்திருந்து ஏமாந்த கூட்டமும், காவலர்களும். எனக்குக் கிடைத்த அனுபவத்தில், இது போன்ற வேளைகளில் மேடைக்கு முதுகைக் காட்டி நிற்பதே சரியானது.

கடைசி வேலை மாலையில் தொடங்கும், அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். அமர்வு முடிந்த அரை மணிக்குள் பத்து நல்ல படங்கள் ஊடகக் குழுவின் கையில் இருக்கவேண்டும். தெரிவு செய்வது எளிது, பெயர் எழுதுவதுதான் கடினம். இடமிருந்து வலமாக ஐந்து பேர், அவர்களில் ஒருவர் கடைசி நேரத்தில் சேர்ந்த நெறியாளர், நிகழ்ச்சிநிரலில் அவர் பெயரே இல்லை. தமிழ் எழுத்தாளர்கள் வந்தால் எனக்குக் கூடுதல் கவலை. நம்முடைய முதலெழுத்து தந்தையின் பெயரைக் குறிப்பது என்பதை அறியாதவர்கள், அதைக் குடும்பப் பெயர் என்று நினைத்துப் பின்னால் கொண்டுபோய் ஒட்டி, பெயரையே கவிழ்த்துவிடுவார்கள். ஒவ்வோர் அமர்வுக்கு முன்னும் பேச்சாளர்களின் பெயர்ப்பலகைகளை உட்கார்ந்த வரிசையிலேயே ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். இருபது நொடி வேலை. இரவில் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

தனிப் படங்களைப் பற்றிய மூன்றாவது கேள்விக்கு என் பதில், தயங்காமல் கேளுங்கள், ஆனால் எங்கே, எவ்வளவு நேரம் என்று முடிவுசெய்துகொண்டு கேளுங்கள் என்பதே. பாரதியின் படங்கள் என்று நமக்கு எஞ்சியிருப்பவற்றை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அந்தச் சிலவற்றிலிருந்துதான் இத்தனை சுவரோவியங்களும் சிலைகளும் பிறந்தன. எழுத்தாளரின் படம் அவருக்குப் பின்னும் அவருக்காகப் பேசிக்கொண்டிருக்கும் என்பதால், கேட்பது ஒன்றும் அற்பமான ஆசை அன்று. புகைப்படக் கலைஞர் புதுவை இளவேனில் எடுத்த கி. ராஜநாராயணனின் படங்களைப் பாருங்கள். ஒரே மனிதரிடம் நெடுங்காலம் திரும்பத் திரும்பப் போனவரால் மட்டுமே அவற்றை எடுத்திருக்க முடியும். அதற்கு நேர்மாறான வழி அர்ஜென்டினாவில் பிறந்த டேனியல் மோர்ட்சின்ஸ்கியினுடையது. இலக்கிய விழாக்களில் எழுத்தாளர்களைச் சில நிமிடங்களுக்கு மட்டும் கடத்திக்கொண்டு போய், குளியல் தொட்டியிலும் கட்டிலிலும் உட்காரவைத்து, விளையாட்டாகவே எடுத்துப் பெயர் பெற்றவர். விழாவில் உங்களுக்கு முதல் வழி வாய்க்காது. இரண்டாவதற்கு அவருடைய துணிச்சல் வேண்டும். நமக்கு இருப்பது நடுவழி. அமர்வுக்கு முன் கேட்காதீர்கள், அப்போது அவர்கள் மனத்துக்குள் பேசிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கையெழுத்து வரிசை முடிந்து பேனாவை மூடும் நேரத்தில் போய், இரண்டு நிமிடங்கள் போதும் என்று சொல்லி, முன்னரே பார்த்துவைத்த சுவர் ஒன்றின் அருகே அழைத்துச் செல்லுங்கள். திறந்த வாசலை ஒட்டிய நிழல் நல்லது. இரண்டு நிமிடங்கள் என்றால் இரண்டு நிமிடங்களில் முடித்துவிடுங்கள்.

ஒரு முறை மூத்த எழுத்தாளர் ஒருவரிடம் அப்படிக் கேட்டபோது, முகம் வேண்டாம், வேண்டுமானால் கையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். இரண்டு மணி நேரம் கையெழுத்திட்டு, ஆள்காட்டி விரலின் ஓரத்தில் நீல மை படிந்த வலக்கை. தூணில் சாய்ந்து நின்றபடி அதை வெயிலில் நீட்டினார். ஆறு படங்கள் எடுத்தேன். நன்றாக வந்த ஒன்றை, கீழே அவருடைய பெயரையும் இடத்தையும் தேதியையும் எழுதி, மறுநாள் அனுப்பிவைத்தேன். படத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், பெயரில் நான் விட்டிருந்த எழுத்துப்பிழையை மட்டும் திருத்தித் திருப்பி அனுப்பியிருந்தார்.